சீல் எந்தப் பக்கம் பார்க்கிறது

ஆயில் சீல் மாட்டும்போது பட்டறையில் கேட்கிற முதல் கேள்வி, லிப் எந்தப் பக்கம் என்பதுதான். ரப்பர் வளையத்தின் உள்விளிம்பில் மெல்லிய நாக்கு ஒன்று சுற்றி ஓடும். அதன் முதுகில் மயிர்க்கம்பியைச் சுருட்டி வளையமாக்கிய ஸ்பிரிங் இருந்து, நாக்கை அச்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும். எதைத் தடுத்து நிறுத்த வேண்டுமோ அதைப் பார்த்து அந்த நாக்கு இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற எண்ணெயைக் காப்பதென்றால் உள்ளே பார்த்து, வெளித்தூசை நிறுத்துவது மட்டும் என்றால் வெளியே பார்த்து. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு நாக்கு வைத்த சீலும் கடையில் உண்டு. மாற்றிப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வண்டி ஓடும், சத்தமும் வராது. பின்னொரு நாள் பார்த்தால் சக்கரத்தின் உள்முகம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு விசிறி அடித்திருக்கும், அதன்மேல் மண் அப்பியிருக்கும். இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் பின்தொடர்கிறது. காக்கப்படும் பக்கம் ஒன்று, தூசு நிற்கும் பக்கம் ஒன்று என்று உலகத்தை இரண்டாகப் பிரிக்கும் வேலையை ஒரு ரப்பர் வளையம் செய்கிறது. எது எந்தப் பக்கம் என்று அதற்கு முன்பே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நூல் ஓடும் ஊரான திருப்பூரில் இருந்துகொண்டு இதை வண்டிச் சமாச்சாரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

யோசனை தொடங்கிய இடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரம். காங்கயம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தொன்றில் நிட்டிங் வைத்திருக்கும் நண்பருடைய வண்டி அது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சேஸிஸ் மேல் ஃபைபர் உடம்பு ஏற்றி, இரண்டே பேர் உட்காரும்படி யாரோ எப்போதோ கட்டியது. ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் கம்பெனி கொண்டுவந்த குடும்ப கார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதைச் செய்து விற்றது. அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களுக்கு உடம்பும் சட்டமும் ஒன்றாகிவிட்டிருக்க, ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனியாக இருந்தது. உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம். அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் போயின. எடையைக் குறைப்பதையே வாழ்நாள் விரதமாக வைத்திருந்த காலின் சாப்மன் தன் லோட்டஸ் செவனுக்கும், 700 கிலோவைத் தொடாத எலானுக்கும் அதே வகைப் பாகங்களைத்தான் வாங்கிப் போட்டார். சென்னையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட காரும் இங்கிலாந்தின் பந்தயச் சாலைகளில் பறந்த காரும் முன்சக்கரத்து அளவில் பங்காளிகள். வெளிநாட்டுக் கார் இறக்குமதி எட்டாக்கனியாக இருந்த நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இப்படித்தான் கட்டிக்கொண்டார்கள். சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் 1950களிலிருந்து பந்தயங்கள் நடந்துவந்தன. எங்கள் பக்கத்தில் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கோவையிலேயே கட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர். அங்கிருந்து கிழக்கே வந்தால் பல்லடம், அடுத்து நாங்கள். நூலும் வேகமும் இந்தப் பகுதியில் ஒரே வீடுகளில் வளர்ந்தவை என்று நினைத்துக்கொள்வேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சத்தம் இடது முன்சக்கரத்தில். ஐம்பதைத் தாண்டினால் தரைக்கடியிலிருந்து ஒரு ஊமை ரீங்காரம் கிளம்பும். வலப்பக்கம் வளைந்தால் பாரம் இடது சக்கரத்தில் ஏறி ரீங்காரம் கனக்கும், இடப்பக்கம் வளைந்தால் அடங்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார் மெக்கானிக் அண்ணன். வயது எழுபதை ஒட்டி இருக்கும், ஹெரால்டு ஓடிய காலத்தில் கைபழகியவர். டேப்பர் ரோலர் பேரிங்குக்குக் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், ஆட்டமே இல்லையென்றால் சூட்டில் கடித்துப் பிடித்துவிடும். இருக்க வேண்டிய ஆட்டத்துக்கும் இருக்கக்கூடாத ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மணிக்கட்டு சொல்லும். சக்கரத்தை விரலால் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங்கில் கை வைத்தார். நானும் வைத்துப் பார்த்தேன். மணலில் இழுபடுவது போன்ற ஒரு நரநரப்பு உள்ளங்கைக்கு ஏறியது. கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, ஹப்பை இரண்டு கையாலும் பிடித்து உருவினார். உள்பக்கத்தில், ஹப்புக்கும் நிற்கும் இரும்புக்கும் இடையிலிருந்த இடுக்கில், அச்சைச் சுற்றி நூல். ஒரு விரல் கனத்துக்கு. வெளிச்சுற்றில் ரோஸும் நீலமும் நிறம் தெரிந்தன. உள்ளே போகப்போகக் கறுத்து, கிரீஸும் புழுதியும் ஊறி இறுகி, பிளேடு வைத்து அறுக்க வேண்டிய கட்டியாகிவிட்டிருந்தது. ஓவர்லாக் மிஷினிலிருந்து விழும் நூல், கட்டிங் டேபிளின் ஓரத்துணி, கோன் தீரும்போது மிஞ்சும் வால். ஊர் முழுக்கச் சாலையோரங்களில் கிடப்பதுதான். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் இடது சக்கரம்தான் ஓரத்தைத் துழாவிக்கொண்டு போகிறது. மண்ணும் நூலும் சேர்கிற இடமும் அதுதான், ஷிப்ட் விட்டு ஆட்கள் நடக்கிற இடமும் அதுதான்.

நூல்தான் சீலைக் கொன்றிருந்தது. இந்த ஹப்பில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, கம்பளி. தகரத் தட்டு ஒன்றில் கம்பளிப் பட்டையை ஒட்டி ஹப்பின் முதுகில் பொருத்தியிருப்பார்கள். அது எதிரே நிற்கும் இரும்பு முகத்தோடு உரசிக்கொண்டே சுற்றும். புதிதாகப் போடும்போது இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு மாட்ட வேண்டும். காய்ந்த கம்பளி தானும் எரிந்து இரும்பையும் தேய்க்கும். ஆட்டு மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் மயிர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நெய்யாமலே பின்னாமலே கெட்டிப் பலகையாகிவிடும். பருத்திக்கு அந்தச் செதில் கிடையாது. எவ்வளவு நனைத்து அமுக்கினாலும் பஞ்சு பஞ்சாகவே உதிரும். இத்தனை கோடி மீட்டர் நூல் ஓடும் ஊரில் உள்ளங்கையகலக் கம்பளிப் பட்டை கிடைக்காமல் கோவைக்கு ஆள் அனுப்பியதற்குக் காரணம் அந்தச் செதில். பழைய கம்பளியில் பாதி காணாமல் போயிருந்தது. நூல்கட்டி அதை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிய்த்து, விட்ட இடைவெளியில் மழைத்தண்ணீரையும் சன்னமான மண்ணையும் உள்ளே விட்டிருந்தது. கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலிடுக்கில் தேய்த்தால் பல்லில் மண் கடிபடுவது போல் நெருடியது. கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய ரோலர்கள் மங்கிக் கிடந்தன. வெளிவளையத்தின் கீழ்ப்பாதியில், ரோலர் ரோலராக நின்ற இடைவெளி தவறாமல், துருப்பொட்டுகள். வண்டி நனைந்து, ஓட்டாமல் நின்ற மாதங்களின் தடம் அது.

நண்பர் ஒரு கை பனியன் வேஸ்ட்டை எடுத்து நீட்டினார். தமிழ்நாடு முழுக்கப் பட்டறைகளில் கை துடைக்க, இன்ஜின் துடைக்கக் கிலோக் கணக்கில் வாங்கிவைத்திருக்கும் அந்தத் துண்டுத்துணி எங்கள் ஊரிலிருந்து போவது. அண்ணன் அதைக் கை துடைக்க வாங்கிக்கொண்டார், பேரிங்கை அதில் துடைக்க மறுத்துவிட்டார். "கையத் தொடைங்க, வண்டியத் தொடைங்க, பேரிங்க மட்டும் இதுல தொடைக்காதீங்க. பஞ்சு உட்டுட்டுப் போயிருமுங்க." மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றில் உலரவிட வேண்டும், கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுழலவிடக் கூடாது, தொட வேண்டுமென்றால் நார் உதிராத பழைய வேட்டித்துணி. அவர் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ரோலர்களை ஒவ்வொன்றாக உருட்டிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருத்தி இழை ஒன்றை அண்டவிடாமல் இத்தனை கவனம். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரப்பர் சீலின் கதையும் ஒரு விதத்தில் தோல் கதை. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்தில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஃப்ராய்டன்பர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்ற இன்ஜினியர் 1929-இல் தோலை வளையமாக வெட்டி உலோகக் கூட்டில் வைத்த சீலைக் கொண்டுவந்தார். 1930களில் தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. வெகுகாலம் வரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது, நாக்கு அச்சை இறுகத் தொடுவதால்தான் எண்ணெய் நிற்கிறது என்று. ஜாகர் என்ற ஆய்வாளர் 1957-இல், நல்ல சீலின் நாக்குக்கும் அச்சுக்கும் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது என்று காட்டினார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்தான் அது. முழுக்க அடைத்த சீல் காய்ந்து எரிந்து போகும். வேலை செய்கிற சீல் கொஞ்சம் நனைந்தே இருக்கிறது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் தன் நாக்கின் நுண்ணிய மேடுபள்ளங்களால் உள்ளே திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அச்சை ரொம்ப வழவழப்பாகப் பாலிஷ் போட்டாலும் அது வேலை செய்யாது. இதைப் படித்த நாளிலிருந்து சீலைச் சுவர் என்று நினைப்பதை விட்டுவிட்டேன். அது ஓயாமல் நடக்கிற ஒரு வேலை. இன்னொன்றும் உண்டு. வெளித்தூசு நாக்கில் பதிந்துவிட்டால், நகத்தால் கிள்ளினால் குழிகிற அந்த ரப்பர், கடினமாக்கிய எஃகு அச்சில் ஒரு பள்ளத்தை அறுத்துவிடுகிறது. பிறகு புதுச் சீல் போட்டாலும் நாக்கு அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும், ஒழுகும். விவரம் தெரிந்தவர்கள் புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, நாக்குக்குத் தேயாத இடத்தைக் காட்டுவார்கள்.

நண்பரின் நிட்டிங் கூடத்துக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்குப் போனபோது கண் வேறு விதமாகப் பார்த்தது. முப்பது இஞ்ச் விட்டம், 24 கேஜ் மிஷின் ஒன்றில் 2,200க்கும் மேல் ஊசிகள். வட்டமாக நிற்கும் கிரீலிலிருந்து நூல்கள் இறங்கி வந்து ஊசிகளுக்குள் போக, கீழே குழாய் போலத் துணி இறங்கிச் சுருளும். நூல் ஒவ்வொரு கண்ணிலும் உரசும்போது பஞ்சு உதிர்கிறது. அது ஊசிப் பக்கம் சேர்ந்தால் ஊசி உடையும். துணிக்குள் பின்னிக்கொண்டால் பஞ்சு விழுந்த துணி என்று கழித்துவிடுவார்கள். ஊசிகளுக்குப் போகிற எண்ணெயோடு கலந்து கசிந்தால் வெள்ளைத் துணியில் நெடுகக் கறுப்புக் கோடு விழும். ஆயில் லைன் என்பார்கள். சாயமேற்றினாலும் சிலது போகாது. அதனால் மிஷின் உச்சியில் விசிறிகள் வைத்திருக்கிறார்கள். அவை சுற்றிச்சுற்றி வந்து நூல்மேலும் ஊசிமேலும் காற்றை வீசி, பஞ்சை அண்டவிடாமல் விரட்டிக்கொண்டே இருக்கும். மிஷினில் ஒரு பொட்டுப் பஞ்சு நிற்காது. அவ்வளவு சுத்தம். விரட்டிய பஞ்சு கூடத்தில் மிதக்கிறது. ட்யூப்லைட் மேல், சாமி படத்து மாலை மேல், மின்கம்பி மேல் படிகிறது. மிஷினுக்கு மிஷின் நடந்துகொண்டிருக்கும் ஆபரேட்டரின் புருவத்தில் படிகிறது. நடுவில் ஊசி இருக்கிறது, சுற்றி மனிதன் நடக்கிறான், காற்று ஊசியிலிருந்து மனிதனை நோக்கி வீசுகிறது. லிப் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அந்தக் கூடம் சொல்லும் பதில் அதுதான். என்னுடைய நிம்மதியின்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் திரும்பத்திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்த விசிறி அல்ல அது. நண்பர் ஈரமுள்ளவர், ஆட்களுக்கு நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவர். மிஷினோடு சேர்ந்து வந்த விசிறி, உலகம் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது.

மிகைப்படுத்திச் சொல்கிறேனோ என்றும் தோன்றுகிறது. பஞ்சுத்தூசால் நெஞ்சு இறுகும் நோயைப் பைசினோசிஸ் என்பார்கள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மூச்சு அதிகம் இறுகும் என்பதால் திங்கட்கிழமையோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய் அது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய்ப் புத்தகத்திலேயே சணல் நார் சீவுகிறவர்களின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்முடைய 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தெரியவந்தால் அறிவித்தே ஆக வேண்டிய நோய்களில் அதையும் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பஞ்சாலையின் முதல் கட்டங்களில், பஞ்சைப் பிரித்து அடிக்கும் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களைப் பிடிப்பது. செடியின் சருகும் கிருமிகளும் கலந்த தூசு அங்கேதான் பறக்கிறது. நிட்டிங்குக்கு வரும்போது நூல் பெருமளவு சுத்தமாகிவிட்டிருக்கும். இங்கே பறப்பது பெரும்பாலும் இழைதான். அதனால் நிட்டிங் ஆபரேட்டருக்கெல்லாம் அந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் கணக்கும் இல்லை. நான் பார்த்தது ஒரு சின்ன விஷயம். ஆபரேட்டர்கள் சிலர் மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறார்கள். மிஷினில் ஓடிய துணியிலேயே ஒரு துண்டு. மூச்சின் ஈரத்தில் மூக்குக்கு நேராக அது நனைந்திருக்கிறது, நனைந்த இடத்தில் பஞ்சு ஒட்டிச் சாம்பல் வட்டமாகிறது. ஷிப்ட் முடிவில் அவிழ்த்து உதறுகிறார்கள். எண்ணெயில் ஊறின கம்பளியைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த ஈர வட்டம் சட்டென்று பிடிபட்டது. அந்த சீலை யாரும் விலைக்கு வாங்கித் தரவில்லை. எந்த மிஷினின் கையேட்டிலும் அதற்குப் பார்ட் நம்பர் இல்லை.

ஊரும் இதே கேள்வியில் ஒருமுறை மாட்டியது. சாயப்பட்டறைத் தண்ணீர் பல வருடங்கள் நொய்யலில் இறங்கியது. பட்டறைக்கு உள்ளே துணி, வெளியே ஆறு என்று லிப்பை வைத்திருந்தோம். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயமும் உப்பும் தேங்கி, அதன் கீழே இருந்த விவசாயிகள் அணையைத் திறக்காதே என்று போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. இப்போது ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஓடுகிறது. அது பெரிய காரியம், செலவும் உழைப்பும் போட்டு ஊர் செய்து காட்டியது, அதில் எனக்குப் பெருமை உண்டு. உள்ளே நிறுத்திய தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு இடம் கண்டாக வேண்டும். நொய்யலைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை போதாது, இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

இன்றைய கார்களின் முன்சக்கரத்தில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. இரட்டை வரிசை பேரிங், கிரீஸ், சீல் எல்லாம் ஒரே தொகுதியாகத் தொழிற்சாலையிலேயே அடைத்து வருகிறது. ஆயுசுக்கும் திறக்க வேண்டாம். கெட்டால் மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைப் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டியதுதான். பழையதுதான் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த சீல்கள் நிஜமாகவே சிறந்தவை. கம்பளி சீலோடு ஊத்துக்குளி சாலையில் மழையில் போய்வருகிற தைரியம் எனக்கு வராது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஹெரால்டு ஹப்பை அவ்வப்போது திறந்தே ஆக வேண்டும். திறந்தால் உள்ளே என்ன நுழைந்திருக்கிறது என்று ஒரு மனிதன் விரலால் தொட்டுப் பார்ப்பான். நூல்கட்டியை அறுத்து எடுத்தபோது எங்கள் தெருவை நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று கையில் பிடித்துப் பார்த்தோம். அடைத்து வைத்தது அந்தத் தகவலையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. நிட்டிங் கூடம் அப்படி அடைத்தது அல்ல, எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. ஆனாலும் பஞ்சைப் பார்க்கிறவர்கள் ஊசியில் இருக்கிறதா, துணியில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

கம்பளி வந்த பிறகு வேலை ஒரு மாலையில் முடிந்தது. பழைய வெளிவளையங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து உளி வைத்து மாற்றிமாற்றித் தட்டி இறக்கினார். புதியதை ஏற்றும்போது பழைய வளையத்தையே மேலே வைத்து அடித்தார். சுத்தியல் சத்தம் மொத்தையாகக் கேட்டுக்கொண்டே வந்து, வளையம் அடியில் உட்கார்ந்த கணத்தில் கணீரென்று மாறியது. அதற்கு மேல் ஒரு அடிகூட அடிக்கவில்லை. இடது உள்ளங்கையில் கிரீஸை அள்ளி வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார், ரோலர்களுக்கு நடுவில் கிரீஸ் புழுப்புழுவாக மறுபக்கம் எட்டிப்பார்க்கும் வரை. கம்பளியைத் தட்டில் ஒட்டி, காய்ந்ததும் ஆயிலில் ஊறப்போட்டு, இரண்டு விரலால் பிழிந்து, கம்பளி முகம் வண்டியின் நடுவைப் பார்க்கும்படி வைத்தார். "எந்தப் பக்கம்னு எப்பவும் ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிக்கோணுங்க. மனசுக்குள்ள சொன்னா தப்பிப் போயிரும்." சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு பட்டை பின்னால் திருப்பி, ஸ்பிளிட் பின்னைக் கோத்து வளைத்தார். அந்த ஒரு பட்டைத் தளர்வில்தான் பேரிங் உயிர் வாழ்கிறது.

ஆபரேட்டர் ஒருவர், பெரியகுளம் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக இங்கே மிஷின் ஓட்டுகிறவர், டீ வாங்க வெளியே வந்து நாங்கள் சக்கரத்தை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரிடமே கேட்டேன், பஞ்சுக்கு என்ன செய்யலாம் என்று. விசிறியை நிறுத்தினால் துணி கெடும், அது அவருக்கும் சரிப்படாது, கழித்த துணிக்குப் பேச்சு வாங்குவது அவர். "ஃபேனு ஓடட்டும்ணே. மேக்குச் செவுத்துல ஒரு எக்ஸாஸ்ட் வச்சு இழுத்துவிட்டா நடக்குற பக்கம் வராதுல்ல." நூற்பாலைகளில் ரிங்ஃப்ரேமுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடி, ஊதியும் உறிஞ்சியும் பஞ்சை எடுக்கும் சாதனங்கள் ரொம்ப நாளாக இருக்கின்றன. அவர் முன்பு அங்கே வேலை பார்த்தவர், அதை வைத்துத்தான் சொன்னார். நண்பர் மறுவாரமே கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரில் அளவெடுத்தார். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்தில் லைன் வீடுகள், வாசலில் சோறு வடிக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது. அப்படியே இழுத்துவிட்டால் பஞ்சு அவர்கள் வீட்டுக்குப் போகும். அதனால் எக்ஸாஸ்ட் வாயில் பெரிய துணிப்பை ஒன்று தைத்துக் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. துணிக்கு இங்கே பஞ்சமில்லை, தைக்கவும் ஆள் உண்டு. பை நிறைந்தால் காற்று போகாது, தினமும் அவிழ்த்துக் கொட்டியாக வேண்டும். கொட்டுகிறவருக்கு நல்ல முகக்கவசம் வாங்குவது பற்றியும், பஞ்சை மூட்டை கட்டி வேஸ்ட் காரருக்கே போட்டுவிடுவது பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். யார் அவிழ்ப்பது, எந்த ஷிப்டில், அதற்குச் சம்பளத்தில் தனிக்கணக்கு உண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.